எலும்பு முறிவுக்கு ஸ்டீலா, மெக்னீசியமா? உடம்புக்குள் கரையும் ஸ்க்ரூவின் கணக்கு

பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பு முறிகிறது. ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ போட்டாயிற்று. மெல்ல நடக்க ஆரம்பித்ததும் பலரும் கேட்கும் கேள்வி இது: “டாக்டர், உள்ள வெச்சதை எப்போ எடுப்பீங்க?”

எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வலி, உறுத்தல், தொற்று இருந்தால் எடுக்கச் சொல்வார்கள். வளரும் குழந்தைகளுக்கும் சில நேரம் எடுப்பது உண்டு. அப்படியென்றால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மறுபடி ஆஸ்பத்திரி பில், ஆபீஸுக்கு மறுபடி லீவு.

இந்த இரண்டாவது ஆபரேஷனைத் தவிர்க்கத்தான் மெக்னீசியம் உலோகக்கலவை ஸ்க்ரூக்கள் வந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் இவை உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். ஜெர்மனியின் சின்டெலிக்ஸ் நிறுவனத்தின் ஸ்க்ரூ 2013-லேயே ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பின்லாந்தின் பயோரீடெக் தயாரித்த ஸ்க்ரூவுக்கு, கணுக்கால் முறிவுகளில் பயன்படுத்த 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. பச்சைக்கொடி காட்டியது. சரி, இத்தனை வருஷமாக ஸ்டீல் செய்த வேலையை இது அப்படியே செய்துவிடுமா?

பலத்தில் ஸ்டீல்தான்

உடம்புக்குள் வைப்பது சமையலறை ஸ்டீல் அல்ல. 316எல் என்ற ரகம். இரும்போடு 16 முதல் 18 சதவீதம் குரோமியம், கூடவே நிக்கல், மாலிப்டினம் சேர்ந்தது. இழுத்துப் பார்த்தால் இதன் சாதாரண ரகமே சுமார் 480 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். கடினப்படுத்திய ரகம் இன்னும் அதிகம் தாங்கும். மெக்னீசியம் கலவைகள் பெரும்பாலும் 200 முதல் 300 வரைதான். முழு உடல் எடையும் இறங்கும் தொடை எலும்பில் இன்றும் ஸ்டீலும் டைட்டானியமும் நிற்பது இதனால்தான்.

ஆனால் விறைப்பு அதிகமானால் சிக்கல்

வளையாமல் நிற்கும் விறைப்பில் ஸ்டீல் 190 கிகாபாஸ்கலைத் தாண்டும். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி ஏறக்குறைய 10 முதல் 30. மெக்னீசியம் 45 பக்கம். அதாவது, எலும்புக்குக் கிட்டத்தில் இருப்பது மெக்னீசியம்.

இது ஏன் முக்கியம்? விறைப்பான பிளேட், எலும்பு தாங்க வேண்டிய பாரத்தையும் தானே வாங்கிக்கொள்ளும். வேலையில்லாத எலும்பு மெலியும். ஜிம்மை நிறுத்தினால் தசை குறைகிற மாதிரிதான்.

எடையிலும் இதே கதை. ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் சுமார் 8 கிராம். மெக்னீசியம் கலவை 1.8 கிராம், கெட்டியான எலும்பு ஏறத்தாழ 2 கிராம்.

அரிப்பு: குறையா, நிறையா?

ஸ்டீலின் மேல் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் இருக்கும். கீறல் விழுந்தாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தாலும் அவ்வளவாக அரிக்காது. மெக்னீசியம் நேர் எதிர். உப்புத் தண்ணீர் பட்டாலே அரிக்க ஆரம்பிக்கும். உடம்பின் திரவமும் உப்பு கலந்ததுதானே! கார் பாகத்தில் இது குறை. எலும்பு ஸ்க்ரூவில் இதுவே நிறை. பெரியவர் ஒருவரின் உடம்பில் இயல்பாகவே சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. கரைந்து வருவதில் மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

பிரச்சினை வேகத்தில்தான். மெக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். 1 கிராம் முழுதாகக் கரைந்தால் சுமார் 1 லிட்டர். மெதுவாக வந்தால் உடம்பு சமாளிக்கும். மளமளவென்று வந்தால் தோலுக்கடியில் குமிழாகத் தேங்கும்.

இதற்கு 100 ஆண்டுக்கு முந்தைய பாடம் ஒன்று உண்டு. பெல்ஜியம் அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்பின் லம்போட், 1900-களின் தொடக்கத்தில் கால் முறிவு ஒன்றுக்கு மெக்னீசியம் பிளேட் வைத்து, தங்க முலாம் பூசிய ஸ்டீல் ஆணிகளால் பொருத்தினார். 8 நாளில் பிளேட் சிதைந்தது, தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு பேட்டரியே உருவாகிவிடும்; அதில் அரிபடுவது மெக்னீசியம்தான். இன்றைய ஸ்க்ரூக்களில் கலவையை மாற்றி, இரும்பு, நிக்கல் போன்ற கலப்படங்களைக் குறைத்து, கரையும் வேகத்தை மட்டுப்படுத்துகிறார்கள். எலும்பு கூடும் வரை பிடிப்பு தளரக் கூடாது என்பதுதான் குறி.

அப்போ எது நல்லது?

அது எந்த எலும்பு, எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்தது. கணுக்கால், பாதம் போன்ற இடங்களில் சிறிய ஸ்க்ரூ போதுமென்றால் மெக்னீசியம் கைகொடுக்கலாம். பாரம் தாங்கும் பெரிய எலும்புக்கு ஸ்டீல் அல்லது டைட்டானியம். ஏற்கெனவே உள்ளே ஸ்டீல் இருப்பவர்கள், தொந்தரவு இல்லாதவரை பதற வேண்டியதில்லை. ஆனால் அதே இடத்தில் கரையும் ஸ்க்ரூ போடும் பேச்சு வந்தால், “ஸ்டீல் பக்கத்துல இதை வைக்கலாமா டாக்டர்?” என்று கட்டாயம் கேட்டுவிட வேண்டும்.