பிடித்த மீனை விட்டால் புண்ணியமா?

கைடுக்குக் காசு கொடுத்து, பேராக் ஈயக் குட்டைகளில் பீகாக் பாஸ் பிடிக்கப் போறது நம்ம ஜுரு பிள்ளைங்ககிட்டேயும் பரவிடுச்சு. கோயில் தொண்டுக்கு வர்ற தம்பிங்களும் போறாங்க. "பிடிச்சதைத் திரும்பத் தண்ணியிலயே விட்டுடுறோம், பாவமில்லே"ன்னு சொல்றாங்க. பெரியவங்களும் தலையாட்டுறாங்க.

நாங்க அப்படி நினைக்கலே. அது தென் அமெரிக்க மீன். வாலடியில் மயில்கண் மாதிரி புள்ளி இருக்கிறதால அந்தப் பேரு, மத்தபடி முருகன் வாகனத்துக்குச் சொந்தமில்லே! பனாமா நாட்டு காட்டூன் ஏரியில் 1960களில் இது புகுந்தது. ஏரியின் ஒரு பகுதியில், முன்பு நிறைய இருந்த 8 வகை மீன்களில் 6 வகை இல்லாமலே போச்சு. ஒண்ணைக் காப்பாத்துறதா நினைச்சு, நம்ம ஊர் மீன் குஞ்சுகளை அதுக்கு இரையாக்குறோம்.

பிடிச்சா வீட்டுக்குக் கொண்டு வந்து குழம்பு வைங்க. மீன் சாப்பிடாதவங்க போகவே வேணாம். புரட்டாசியில யாருமே வேணாம். அப்புறம், வேண்டுதல்னு மீன் கடையில வாங்கி ஆத்துல விடுறவங்களும் அதை நிறுத்துங்க. அந்தக் காசை அன்னதானத்துக்குக் கொடுங்க.