எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

கணிப்பொறி இன்று பள்ளியிலும் இல்லத்திலும் நமக்குத் துணை நிற்கிறது. ஆனால் அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் ‘டிரைவர்’களைப் பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. பிரிண்டர், கேமரா, ஒலிபெருக்கி ஆகிய ஒவ்வொரு கருவியையும் கணிப்பொறியோடு இணைந்து இயங்கச் செய்யும் மென்பொருளே டிரைவர். தேருக்குச் சாரதி எப்படியோ, கருவிக்கு டிரைவர் அப்படி.

இந்தச் சாரதி தடுமாறினால் என்ன செய்வது? “பாதுகாப்பு அமைப்பை அணைத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்” என்று பலர் எளிதாக வழி சொல்லிவிடுகிறார்கள். இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும் என்பதே என் தாழ்மையான கருத்து.

காரணம் உண்டு. மற்ற மென்பொருள்கள் திண்ணையில் அமர்ந்து பேசும் விருந்தினரைப் போன்றவை. டிரைவர்களில் பலவோ அடுக்களை வரை செல்லும் உரிமை பெற்றவை. கணிப்பொறியின் உள்ளறையான ‘கெர்னல்’ என்னும் பகுதியில் அவை இயங்குகின்றன. அங்கே ஒரு பிழை நேர்ந்தால், பிழைத்திரை தோன்றி முழு இயந்திரமும் நின்றுவிடும். ஓட்டை உள்ள பழைய டிரைவர்களைப் பயன்படுத்திக் கள்வர்கள் நுழைவதும் உண்டு. அதனால்தான் விண்டோஸ், டிரைவரின் கையொப்பத்தைச் சோதிக்கிறது. ‘மெமரி இன்டெகிரிட்டி’ என்ற காவலையும் வைத்திருக்கிறது.

“காவலாலேயே கேடு வந்ததில்லையா?” என்று தோழியர் கேட்கலாம். வந்தது உண்மைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்குப் புதிய கோப்பு ஒன்றை அனுப்பியது. 20 விவரங்களே தரப்பட்ட இடத்தில் அந்த மென்பொருள் 21ஆவதைத் தேடிச் சென்றது. அது கெர்னலில் இயங்குவதாதலால், சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டும் பயனில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது!

பழுதை நீக்கியது எப்படி? கணிப்பொறியை ‘சேஃப் மோடில்’ திறந்து அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்தார்கள். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்த இயந்திரங்களுக்கு 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. அதைப் பத்திரப்படுத்தாதவர் பாடு திண்டாட்டம்தான். இதிலிருந்து காவலனைத் துரத்த வேண்டும் என்றா பாடம் கற்பது? புதியதைச் சோதித்துப் படிப்படியாக வழங்க வேண்டும், சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதல்லவா பாடம்!

நம் இல்லத்திற்கும் இதே நீதி பொருந்தும். டிரைவர் மறுத்தால், முதலில் திரையில் வரும் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு கருவியைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தே புதிய டிரைவரைப் பெற வேண்டும். புதியதை ஏற்றிய பின் கோளாறு தொடங்கியிருந்தால், ‘டிவைஸ் மேனேஜரில்’ பழையதற்குத் திரும்பலாம். தெரியாத தளங்களில் இலவசமாகக் கிடைப்பதைத் தொடவே கூடாது.

“பழைய பிரிண்டருக்குப் புதிய டிரைவரே வரவில்லை, வேறு வாங்கப் பணம் ஏது?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அப்படியானால், இணையத்தோடு இணைக்காத பழைய கணிப்பொறி ஒன்று இருந்தால் அதில் பயன்படுத்தலாம். வங்கிக் கணக்கும், குடும்பப் படங்களும், நம் பாடக்குறிப்புகளும் உள்ள கணிப்பொறியின் கதவை ஒரு பிரிண்டருக்காகத் திறந்து போடுவது சிக்கனம் ஆகாது.

அன்புத் தோழியரே! நம் வீடுகளில் கணிப்பொறி பழுதானால், பெரும்பாலும் நம்மைத்தான் பெரியவர்கள் அழைக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக இருப்போம். பழுதைத் தேடிக் களைவோம். பூட்டை உடைக்காமல் காப்போம்!