கண்டெடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

1908-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் ஒரு பாலைவனம். அந்த நாட்டின் பெயர் இன்று நமீபியா. அன்று அதை ஜெர்மனி ஆண்டது.

லூடரிட்ஸ் துறைமுகத்தில் இருந்து உள்நாட்டுக்கு ஒரு ரெயில் பாதை சென்றது. காற்று அடித்தால் தண்டவாளத்தை மணல் மூடிவிடும். அதை அள்ளிப் போடக் கூலி ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், சகரியாஸ் லெவாலா.

ஒருநாள் மணலில் ஒரு கல் மின்னியது. லெவாலா முன்பு தென் ஆப்பிரிக்காவில் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது வைரம்!

அதை ரெயில்வே அதிகாரி ஆகஸ்ட் ஸ்டாவ்க்கிடம் கொடுத்தார். ஸ்டாவ்க் சுரங்க உரிமை வாங்கினார். பெரும் பணக்காரர் ஆனார். லெவாலாவுக்கு ஒரு பரிசும் இல்லை!

கைதிகள் போட்ட பாதை

அந்த ரெயில் பாதைக்கும் ஒரு கதை உண்டு. கண்ணீர்க் கதை!

1904-ல் ஹெரேரோ மக்களும் நாமா மக்களும் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்துப் போராடினார்கள். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் பலரை லூடரிட்ஸ் அருகே சுறாத் தீவில் அடைத்தார்கள்.

ரெயில் பாதை போட்டது அந்தக் கைதிகளே. 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை 2,014 கைதிகள் அந்த வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 1,359 பேர் இறந்துபோனார்கள். அது இனப்படுகொலையே என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-ல்தான்!

சொந்த மண்ணில் தடை

வைரம் கிடைத்த ஆண்டிலேயே கரையோர நிலத்தைத் "தடைப் பிரதேசம்" என்று அரசு அறிவித்தது. அனுமதி இல்லாமல் காலடி வைப்பதே குற்றம். மண்ணின் மக்களுக்கே மண் அன்னியம் ஆயிற்று.

வைரம் எடுத்த கோல்மன்ஸ்கோப் என்ற ஊர் செழித்தது. ஆஸ்பத்திரி, ஐஸ் தொழிற்சாலை, நடன மண்டபம் எல்லாம் வந்தன. கறுப்புத் தொழிலாளிகளோ மணலில் தவழ்ந்து கல் பொறுக்கினார்கள்.

1915-ல் தென் ஆப்பிரிக்கப் படை நாட்டைப் பிடித்தது. பிறகு எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் என்ற வைர வியாபாரி, ஜெர்மன் கம்பெனிகளின் சுரங்கங்களை வாங்கினார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கம்பெனி ஆக்கினார். அதன் பெயர் கன்சாலிடேட்டட் டயமண்ட் மைன்ஸ். கொடி மாறியது, முதலாளி மாறினார். கூலியின் நிலை மாறவில்லை. வடக்கே இருந்து வந்த ஓவாம்போ தொழிலாளிகள், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள்.

நியாயம் எது?

"பணம் போட்டது கம்பெனி. எந்திரம் கொண்டு வந்தது கம்பெனி. அது இல்லாவிட்டால் வைரம் மணலோடு மணலாகக் கிடந்திருக்கும்" என்று சிலர் சொல்வார்கள்.

அதிலும் உண்மை இருக்கிறது. பணம் போட்டவருக்குப் பங்கு வேண்டியதுதான். ஆனால் கண்டெடுத்தவருக்குப் பங்கு இல்லையா? நிலத்துக்கு உரியவருக்குப் பங்கு இல்லையா? பாதை போட்டு மடிந்தவர்களை நினைக்கவும் ஆள் இல்லையா?

1990-ல் நமீபியா விடுதலை பெற்றது. 1994-ல் "நாம்டெப்" என்ற புதிய கம்பெனி பிறந்தது. அதில் அரசுக்குப் பாதி. டி பீர்ஸ் கம்பெனிக்குப் பாதி. முதல் கல் கிடைத்து 86 ஆண்டுகள் ஆன பிறகே மண்ணின் மக்களுக்குப் பாதிப் பங்கு!

கோல்மன்ஸ்கோப்பில் இன்று குடி இல்லை. 1956-க்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வீடுகளுக்குள் மணல் புகுந்து கிடக்கிறது. மாளிகையில் வாழ ஆளும் இல்லை, மண்டபத்தில் ஆட ஆளும் இல்லை. நிற்க வேண்டியது ஒரு பெயர். வைரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் வரியில் முதலாளியின் பெயரை எழுத வேண்டாம். சகரியாஸ் லெவாலா என்று எழுதட்டும்!