பேனர் கும்பிடு யாருக்கு?

நாலு ரோடு சந்திப்பில் பேனர். கல்யாண மண்டப வாசலில் பேனர். பஸ்சுக்கு நிற்பவர் தலையைத் தூக்கினால், மேலே வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் கை கூப்பி நிற்கிறார். நமக்குத்தான் கும்பிடு போடுகிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்!

கும்பிடு, காரில் வரப்போகும் தலைவருக்கு.

பேனரை எழுத்துக் கூட்டிப் படிப்பது போலப் படித்தால் இது புரிந்துவிடும். முதலில் முகங்களின் அளவு. தலைவர் ஆள் உயரம். மாவட்டம் அதில் பாதி. வட்டம், கிளை எல்லாம் கீழே பாஸ்போர்ட் சைசில் வரிசையாக. காசு கொடுத்தவருக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, தலைவர் பக்கத்திலேயே நிற்பார்! யார் படம் இல்லை என்று பார்த்தால், உள்ளே யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை என்பதும் தெரியும்.

அடுத்து வாசகம். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்பது பொதுஜனத்திடம் பேசும் பேச்சா? மேலிடத்துக்குப் போடும் மனு அது. மனு பார்வையில் பட வேண்டுமே, அதனால்தான் கார் மெதுவாகத் திரும்பும் முனையில் நடுகிறார்கள். பின்னால் கடையின் போர்டு மறைகிறது. கடைக்காரர் வாய் திறந்தால், "ரெண்டு நாள்தானே அண்ணாச்சி" என்று பதில் வரும்.

தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை இதோடு வைத்துப் பாருங்கள். இறந்தவர் படம், பெயர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த வீடு. தெருக்காரர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பேனர் அளவில் பத்தில் ஒரு பங்கு இருக்காது, ஆனால் நின்று படிக்கிறார்கள்.

படிக்காத பேனரும் ஆளை அடிக்கும். 2019 செப்டம்பர் 12ந் தேதி பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு ரோட்டு நடுவில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயது இன்ஜினீயர் பெண் மீது விழுந்தது. நிலை தடுமாறிக் கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. கல்யாணத்துக்கு வருகிறவர்களை வரவேற்ற பேனர் அது. அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஐகோர்ட்டு சாட்டையைச் சுழற்றியது. இனி பேனர் வேண்டாம் என்று பெரிய கட்சிகள் தொண்டர்களுக்கு உத்தரவு போட்டன. அடுத்த மாதமே மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் ஜி ஜின்பிங் வருகை. வரவேற்பு பேனர் வைக்க அரசாங்கமே ஐகோர்ட்டுப் படியேறியது! இதிலாவது ஒளிவு மறைவு இல்லை, வருகிற விருந்தாளி பார்க்கட்டும் என்று வைத்தது.

ரோட்டில் போகிறவனுக்கென்றே எழுதியதும் ஒன்று உண்டு. 2017 நவம்பரில் கோவை அவிநாசி ரோட்டில், அலங்கார வளைவுக்கு நட்ட கட்டையில் பைக் மோதி இன்ஜினீயர் ஒருவர் இறந்தார் என்று புகார் கிளம்பியது. அவரைக் கொன்றது யார் என்று கேட்டு, ரோட்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதினார்கள். முகம் இல்லை, கும்பிடு இல்லை, வைத்தவர் பெயரும் இல்லை. ஊரே படித்தது.

நாளைக்கு உங்கள் ஸ்டாப்பில் புதிதாக ஒரு பேனர் முளைத்தால் பெரிய முகங்களை விட்டுத் தள்ளுங்கள். கீழ் ஓரத்தைப் பாருங்கள். வைத்தவரின் பட்டம், பதவி, செல் நம்பர் எல்லாம் இருக்கும். அனுமதி வாங்கிய நம்பர் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பஸ் வரும் வரை நேரம் இருக்கிறதே!