காவிரி போய்ச் சேருற ஊரு இப்படியா இருக்கணும்?

எங்க ஊரு ஒகேனக்கல் பக்கம். காவிரி தமிழ்நாட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிற இடம். அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ், பொரிச்ச மீன்னு வருஷம் பூரா கூட்டம். இவ்வளவு ஆர்ப்பாட்டமா விழுற தண்ணி கடைசியா எங்கே போய்ச் சேருதுன்னு பார்க்க எனக்கு ரொம்ப நாளா ஆசை. பூம்புகாருங்க! சோழங்க கப்பல் நின்ன துறைமுகம். குடும்பத்தோட போயிட்டு வந்தேன். அன்னையிலேருந்து வயிறு எரியுது.

கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒருத்தர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். பார்க்கிங்காம். காசு கொடுத்தோம். ரசீது கேட்டா, "அதெல்லாம் எதுக்கு சார், நான் பார்த்துக்கறேன், போங்க"ங்கிறார். எந்த ஊர்ல நின்னுக்கிட்டு இந்தப் பேச்சு? கடல் வழியா வந்த குதிரை, மூட்டை மூட்டையா மிளகு, ஏத்த ஒரு குவியல், இறக்க ஒரு குவியல்னு பட்டினப்பாலை அடுக்குதே, அந்த ஊர்ல. சுங்க அதிகாரிங்க சோழனோட புலி முத்திரையைக் குத்தின பிறகுதான் சரக்கு வெளியே போகுமாம். அன்னைக்கு மூட்டைக்கு மூட்டை முத்திரை. இன்னைக்கு வாங்குற காசுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கோபம் வருமா, வராதா?

சரி, துறைமுகத்தைப் பார்ப்போம்னு கிளம்பினோம். கடற்கரையிலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு கீழையூர். 1960-கள்ல அங்கே தோண்டினப்ப செங்கல்லால கட்டின படகுத்துறை ஒண்ணு வெளிப்பட்டது. படகைக் கட்டி நிறுத்துற மரத்தூண்கூட மக்காம கிடைச்சது. ஏறக்குறைய கிறிஸ்துவுக்கு முந்தின மூணு, நாலாம் நூற்றாண்டு மரம்! இப்படி ஒரு பொருள் வேற நாட்டுல கிடைச்சிருந்தா, ஊர் எல்லையிலேயே வளைவு கட்டி வழி காட்டியிருக்க மாட்டாங்களா? நாங்க வந்த வழியில ஒரு போர்டு கண்ணுல படல. டீக்கடையில விசாரிச்சா, "எந்தக் கோயில் சார்?"னு கேட்கிறார். அவர்மேல தப்பே இல்லை. தான் குடியிருக்கிற மண்ணுக்கடியில என்ன கிடந்ததுன்னு அவருக்கு யாராவது போய்ச் சொன்னாங்களா?

இத்தனைக்கும் பூம்புகார்ங்கிற பேரை நாம விட்டுவைக்கல. கைவினைப் பொருள் விக்கிற அரசாங்கக் கடை பூம்புகார். 1974-ல ஆரம்பிச்ச கப்பல் கழகம் பூம்புகார். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏத்தி வரத்தான் அது. 1964-ல வந்த சினிமா பூம்புகார். 1973-ல ஏழுநிலை மாடத்தோட சிலப்பதிகாரக் கலைக்கூடமே எழுந்தது. அப்ப எடுத்த அக்கறையில பாதி, அங்கே வந்து இறங்குற மனுஷங்க மேல இருந்திருந்தா போதும். என் வீட்டுக்காரியும் மகளும் கடல்ல குளிச்சிட்டு, உடை மாத்த இடம் தேடி அலைஞ்ச அலைச்சல் இருக்கே... ஒரு கட்டடம் இருந்தது. கதவுக்குப் பூட்டு. சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியல. கடைசியில ரெண்டு பேர் புடவையை விரிச்சுப் பிடிக்க, ஒருத்தர் உள்ளே மாத்தினாங்க. பக்கத்துல நின்ன அத்தனை குடும்பத்துக்கும் அதே கதி. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமா பெண்கள் வந்து நீராடுற கரைங்க அது!

முகத்துவாரத்தைப் பத்தி என்ன சொல்ல? எங்க ஊர்ல பாறையை உடைக்கிற மாதிரி இரைஞ்சுக்கிட்டு விழுற ஆறு, மேட்டூர்ல தேங்கி, கல்லணையில பிரிஞ்சு, வயலுக்கெல்லாம் கொடுத்துட்டு, மேலையூர் கதவணையைத் தாண்டி வாய்க்கால் அளவுக்குத்தான் கடலுக்கு வருது. அதுல எனக்கு வருத்தமில்லை. சோறு போட்டுட்டு இளைச்சிருக்கு. அந்த இளைச்ச தண்ணியில என்ன கிடந்தது தெரியுமா? வேட்டி, புடவை, உள்ளாடை, பிளாஸ்டிக் கவர், ஷாம்பு பாக்கெட். ஒகேனக்கல் பாறை இடுக்குல நான் தினமும் பார்க்கிற அதே ஷாம்பு பாக்கெட்! நடுவுல மேட்டூர் அணை இருக்கு, அங்கேருந்து மிதந்து வர வழியில்லை. இங்கேயே பிரிச்சு இங்கேயே போட்டது. ஆத்தோட ரெண்டு முனையிலயும் நாம செய்யிறது இதையேதான். பாவத்தைத் தொலைக்கிறோம்னு பழந்துணியை ஆத்தோட தலையில கட்டினா, பாவம் போயிடுமா?

நான் அரசாங்கத்தைக் கேட்கிறது பெரிய திட்டம் ஒண்ணுமில்லை. கீழையூருக்கு வழி சொல்ல நல்ல போர்டு, வாங்குற காசுக்கு ரசீது, பெண்களுக்குப் பூட்டாத ஒரு அறை, துணி போட நாலு தொட்டி. இதுக்கு எத்தனை கோடி வேணும்?

நீங்களும் போங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க. டீக்கடையில நின்னு, "படகுத்துறை எங்கே"ன்னு கேட்டு வைங்க, நாலு பேர் கேட்டா அந்த ஊருக்கும் தெரியவரும். அப்புறம், குளிச்சிட்டு நனைஞ்ச துணியைத் தயவுசெஞ்சு ஒரு பையில போட்டு வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடுங்க.