துண்டுச் சீட்டும் ஹார்ட்டும்

ராக் மியூசிக்னா பட்டணத்துச் சமாச்சாரம்னு நிறைய பேர் நினைக்கிறீங்க. 1980-கள்ல எங்க தஞ்சாவூர் ஜில்லா கோயில் திருவிழாக்களுக்கு வந்த மெல்லிசைக் குழுக்களைப் பார்த்திருந்தா அப்படி நினைக்க மாட்டீங்க. எலெக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் எல்லாம் மேடையில இருக்கும். நாங்க அதைப் 'பாட்டுக் கச்சேரி'ன்னு சொன்னோம், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துல பெஞ்சைத் தட்டித் தாளம் பழகினவன் நான். பிளஸ் டூ முடிச்சதும் பக்கத்து ஊர்க் குழுவுல மூணு வருஷம் பாங்கோஸ் வாசிச்சேன். சம்பா அறுவடை முடிஞ்சு பங்குனி, சித்திரையில ஊர் ஊராப் போவோம். முதல்ல பிள்ளையார் பாட்டு. அப்புறம் துண்டுச் சீட்டு வர ஆரம்பிக்கும். இன்ன பாட்டு வேணும், அன்பளிப்பு அஞ்சு ரூபாய். எங்க காலத்து லைக் அது. சீட்டு கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து நம்ம முகத்தையே பார்த்துக்கிட்டிருப்பார். கரண்ட் போச்சுன்னா, ஜெனரேட்டர் கிளம்புற வரைக்கும் மைக் இல்லாமலே வாசிச்சுக் கூட்டத்தைக் கலையாம வச்சிருக்கணும்.

இப்ப எங்க தெருப் பையன் ஒருத்தன் யூடியூப் பார்த்தே கீபோர்டு கத்துக்கிட்டான். நல்லாவே வாசிக்கிறான். போனை நான் குறை சொல்ல மாட்டேன். 2018-ல சென்னையில கானாவையும் ராக்கையும் கலந்து மேடையேறின 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை நானும் வரப்புல உட்கார்ந்து போன்லதான் பார்த்தேன். ஆனா, வீடியோ போட்டா சிங்கப்பூர்லேர்ந்து ஹார்ட் வாங்குற அந்தப் பையனுக்குச் சொந்த ஊர்த் திருவிழாவுல மேடை இல்ல. டிஜே செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பென் டிரைவ் பாடுது.

வாசிக்கக் கத்துக்க போன் போதும். கூட்டத்துக்கு முன்னாடி நின்னு வாசிக்கக் கத்துக்க கூட்டம்தான் வேணும். இளையராஜா 1976-ல 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கிறதுக்கு முன்னாடி, அண்ணன் பாவலர் வரதராஜனோட கிராமம் கிராமமா மேடையேறினவர். அந்த மாதிரி மேடையைத்தான் நம்ம பிள்ளைங்களுக்கு இல்லாமப் பண்ணிக்கிட்டிருக்கோம்.

வெளியூர்ல இருந்து திருவிழா வரி அனுப்புறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பும்போதே, "உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் மேடை கொடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பணம் கொடுக்கிறவங்க பேச்சை விழாக் கமிட்டி கேட்கும். ஊருக்கு வந்தா போனைப் பையில போட்டுட்டு முன்வரிசையில உட்காருங்க. பிடிச்ச பாட்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, கூட ஒரு நூறு ரூபாயும் வச்சுக் கொடுங்க.