மேசைக்கு அடியில் குனியாதவர்கள்

நமக்கு ரயில் என்றால் சன்னலோர இருக்கை, கையசைக்கும் குழந்தை, நள்ளிரவு நிலையத்துத் தேநீர். தமிழ்ச் சிறுகதையில் ரயிலேறாத எழுத்தாளர் குறைவு. அந்த ரயிலைத் தடம் மாற்றும் கம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "அது எலக்ட்ரீஷியன் சமாச்சாரம்" என்று முடித்துவிடுகிறோம். இந்த அலட்சியத்தோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் சாணார்பட்டிக்கு ரயில் கிடையாது. திண்டுக்கல் சந்திப்புக்குத்தான் போகவேண்டும். அதனாலோ என்னவோ, இப்பக்கத்துக் கண்காட்சிகளில் மாதிரி ரயிலுக்கு எப்போதும் கூட்டம். தெர்மாகோல் மலை, பச்சைச் சாயமேற்றிய மரத்தூள் புல்வெளி, தீப்பெட்டி அட்டையில் ஒரு நிலையம். நடுவர்களாக வரும் எம்மனோர் மேலே பார்த்துப் புன்னகைத்து, மதிப்பெண் இட்டு நகர்கிறோம். மேசையைச் சுற்றித் தொங்கும் துணியைத் தூக்குவதில்லை. தூக்கினால் இடியாப்பம்தான்: எல்லாம் ஒரே நிற ஒயர், வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், எது எங்கே போகிறதென்று கட்டியவனுக்கே தெரியாத முடிச்சுகள். கேட்டால், "ஓடுதில்ல சார்?" என்பான் மாணவன். அவனைக் குறைசொல்ல மாட்டேன். அவன் கேட்ட பாராட்டெல்லாம் மலைக்கும் புல்வெளிக்குமே கிடைத்தது.

ஓடுகிறதுதான். ஆனால் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் தகட்டையே மின்சாரத்துக்கும் நம்பினால், அது தளர்ந்து கறுத்து, தொலைக்கோடியில் ரயில் திணறும். வேலை தெரிந்தவர்கள் பலகைக்கு அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த கம்பிகளை நெடுக ஓட்டி, மூன்றடிக்கு ஒன்றாக மெல்லிய கிளைக்கம்பிகளைத் தண்டவாளத்தோடு பற்றவைப்பார்கள். பாயிண்ட் மோட்டாருக்கு வேறு நிறம், விளக்குக்கு வேறு நிறம். இணைப்புகள் பலகையின் ஓரத்தில், உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மல்லாந்து படுத்து முகத்துக்கு நேர்மேலே ஈயம் உருக்குவது வீரமன்று, மடமை. எல்லாவற்றினும் முக்கியமாக, ஒவ்வொரு கம்பியின் இரு நுனியிலும் ஒரே பெயர்ச்சீட்டு. நோட்டில் அதன் படம். கம்பியை மாற்றும் அன்றே சீட்டையும் படத்தையும் மாற்றுதல்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பார்கள். ஏட்டின் ஓரத்தில் ஓலைக்கு எண்ணிட்டவனை நினைத்துக்கொள்கிறேன். கயிறு அறுந்து ஓலைகள் சிதறிய பிறகு நூலை மீட்டுத் தந்தது அந்த எண்தான். கம்பியில் ஒட்டும் சீட்டும் முகமறியாத ஒருவனுக்கு எழுதப்படும் எழுத்துதான். எழுத்தை மதிப்பதாகச் சொல்லும் நாம் இதை மட்டும் கைவேலை என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

"பன்னிரண்டு வோல்ட் பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்றார் நண்பர். பொம்மையில் யாரும் சாவதில்லை, உண்மை. 2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில் ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தை நெருங்கியது. பிரதான தடத்துக்குப் பச்சை விளக்கு. பாயிண்ட்டோ பக்கத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் மின்சுற்றை மாற்றியமைத்த வேலைகளில் நேர்ந்த குறைகளையே காரணமாகக் காட்டியது. லெவல் கிராசிங் பெட்டிக்குள் கம்பிகளுக்கு இட்டிருந்த பெயர்க்குறிப்பு தவறு; அது ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படவில்லை. 2022 மே மாதமே அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில் தவறான ஒயரிங்கால் இதையொத்த கோளாறு நேர்ந்திருந்தது. அப்போதே பாடம் கற்றிருந்தால் இது நேர்ந்திராது என்பதும் அந்த அறிக்கையில் உண்டு.

"ஓடுதில்ல சார்?" என்ற கேள்வி அந்தப் பெட்டியருகேயும் வேறு மொழியில் ஒலித்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பொம்மையில் உயிர்ச்சேதம் இல்லை என்பதால்தானே அதை மாணவன் கையில் கொடுக்கிறோம்? அந்தப் பழக்கத்தை வேறெங்கே வைத்துக் கற்றுத்தரப் போகிறோம்?

அடுத்த கண்காட்சிக்கு நடுவராக அழைக்கப்படும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். துணியைத் தூக்குங்கள். மாதிரியைக் கட்டாத வேறொரு மாணவியைக் கூப்பிட்டு, "இரண்டாம் பாயிண்ட்டுக்குப் போகிற கம்பி எது?" என்று கேளுங்கள். சீட்டைப் படித்து அவள் காட்டிவிட்டால் பாதி மதிப்பெண்ணை அதற்கே போடுங்கள். மலைக்கு மிச்சத்தில் ஏதாவது கொடுத்தால் போதும்.